முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்ட உங்களுக்கு

தாம்பரம் சானடோரியம் ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தின் கவுன்சிலர் மேடத்துக்கு,

கரையான்சாவடியிலிருந்து குன்றத்தூர், பல்லாவரம் வழியாக, ஹெச்.ஐ.வி.யும் குடிப்பழக்கமும் உள்ள தம்பியைப் பஸ்ஸில் கூட்டிவரும் அக்கா எழுதுகிறேன். ஹெச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். மடல் எழுதத் தம்பி சம்மதித்தான். பெயர் போட வேண்டாம் என்றான்.

"முதல்ல குடியை விடு, அப்புறம் மாத்திரையைப் பார்க்கலாம்" என்றுதான் உங்களிடம் வரும்வரை எல்லோரும் சொன்னார்கள். மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று பயந்து, குடித்த நாளெல்லாம் அவன் ஏ.ஆர்.டி.யைத் தொடவில்லை. டப்பாவில் மிஞ்சியிருந்ததை எண்ணிப் பார்த்த நீங்கள் திட்டவில்லை. "ராத்திரி தூக்கம் வருதா தம்பி? சோறு இறங்குதா?" என்று கேட்டீர்கள். செத்துப்போய்விடலாம் என்று நினைத்ததை, வீட்டில் யாரிடமும் சொல்லாததை, அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னான்.

அது மனச்சோர்வு, அதற்கும் மருந்து உண்டு என்று அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பினீர்கள். மருந்து பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லாதிருந்தால் முதல் வாரத்திலேயே தூக்கி எறிந்திருப்பான். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குடியை நிறுத்த வழிசெய்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "குடிச்சிருந்தாலும் ஏ.ஆர்.டி.யை மட்டும் நிறுத்தாதீங்க, விட்டு விட்டுப் போட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்" என்றீர்களே, அதைத்தான் அவன் பிடித்துக்கொண்டான்.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக, நம் சென்னையில், இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் கொடுத்த மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. ஆனால் வாழவே பிடிக்காதவன் இலவச மாத்திரையை எதற்கு விழுங்குவான்? அந்த இடத்தில்தான் நீங்கள் நின்றீர்கள்.

நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தான். அன்று ராத்திரியும் மாத்திரை போட்டான். கடைசி வைரல் லோடு பரிசோதனையில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது.

இவ்வளவு செய்யும் உங்களைப் போன்ற கவுன்சிலர்கள் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் வேலையை அரசு நிரந்தரமாக்க வேண்டும், ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் மனநல மருத்துவர் ஒருவர் உட்கார வேண்டும். நன்றியோடு சேர்த்து இதையும் ஊரறியக் கேட்கிறேன்.

அன்புடன்,
தம்பியின் அக்கா
கரையான்சாவடி