மூட்டுத் தேய்ந்த வண்டி

செட்டிபாளையத்தில் எமது முற்றத்தில் பழைய மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோன இனம். இரவில் எவருக்கேனும் நோவு கண்டால் அயலார் எமது படலையைத் தட்டுவர். களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்கு அவர்களைக் கொண்டுசெல்வது அவ்வண்டியே. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அதைப் பேணுவது எமக்கு விருப்பமாயிருந்த நிலை மாறிக் கடமையாகிவிட்டது.

சென்ற மாரிக்குப் பின் ஓரிரவு, படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலம் வழியாக நிறைமாதப் பெண்ணொருத்தியை ஏற்றிவந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இடித்தது. அவள் கதவைப் பற்றிப் பல்லைக் கடித்தாள். குற்றம் வீதியினுடையது மட்டுமன்று, எமது வண்டியின் மூட்டுகளுக்கும் அதில் பங்குண்டு.

தகட்டுவில்லும் வண்டியின் உடலும் சேருமிடத்தில் 'புஷ்' என்னும் சிறு இறப்பர்க் குழல் இருக்கிறது. சக்கரம் ஏறியிறங்க, அது முறுகி வளைந்து அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். முந்திய ஆண்டு நாமே மாற்றியவை சில மாதங்களிற் கிழிந்துவிட்டன. மலிவுச் சரக்கென்று விற்றவரை ஏசினோம். கராஜில் பாஸ் கிழிந்த துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஜக்கில தூக்கி வைச்சே முறுக்கினீங்களா?" என்றார். ஆம் என்றோம். சக்கரம் தொங்கும் நிலையில் ஆணியை இறுக்கினால், வண்டி தரையிலிறங்கிய கணமே இறப்பர் முறுகிவிடும். ஓயாத முறுக்கில் அது விரைவிற் கிழியும். ஏச்சுக்கு உரியவர் நாமே.

அடுத்து, எதைப் போடுவது என்னும் கேள்வி எழுந்தது. பொலியூரேதேன் எண்ணெய்க்கு அஞ்சாது, நீண்டகாலம் உழைக்கும். "ஆனா அது இறுக்கம், ஐயா. குலுக்கல் உள்ளுக்கு இருக்கிற ஆளுக்குத்தான் வரும்" என்றார் பாஸ். கதவைப் பற்றிய கை எமது நினைவில் வந்தது. இறப்பரையே தெரிந்தோம். இருபுறத்தையும் ஒருசேர மாற்றி, எண்ணெய் தொடாமற் சவர்க்கார நீர் பூசிச் செருகி, வண்டியைத் தரையில் நிறுத்திய பின்னரே இறுக்கினோம்.

இந்நாட்டில் இறப்பர்க் கன்று 1876 இல் ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டது. 1952 இல் சீனத்துடன் செய்த உடன்படிக்கையால் இறப்பருக்கு மாற்றாக அரிசி வந்தது. அம்மரத்திற் பாலெடுத்தவர்களுள் மலையகத் தமிழரும் இருந்தனர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியிருந்தது. அவர்கள் எடுத்த பால் மற்றவர் பாத்திரத்திற் சோறாயிற்று. இடியெல்லாம் அவர்கள்மேல் விழுந்தது.

இப்போது வண்டியின் ஒலி நின்றுவிட்டது. படுவான்கரை வீதியின் பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. வண்டி இல்லாதோர் அவற்றினூடே நடந்துதான் வைத்தியசாலைக்கு வருகின்றனர். அதற்குக் கணக்குக் கேட்கவேண்டிய இடம் கராஜ் அன்று.