தேரியில் ஒரு சுனை

பாலைவனம் பார்க்க ஜெய்சல்மேர் போவதாகத்தான் எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் முடிவாகியிருந்தது. வாடகைக் கூடாரம்கூட வந்துவிட்டது. மாடி வீட்டு நாசரேத்துப் பெரியவர் குறுக்கிட்டார்: "எங்க ஊர்த் தேரியைப் பாத்திருக்கியளா சார்?"

சேலம், மதுரை தாண்டி, திருநெல்வேலியில் நெடுஞ்சாலையை விட்டு விலகினோம். ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வரை வாழையும் வயலும். காயாமொழியைக் கடந்ததும் மண் சிவந்துவிடுகிறது. இரும்பு ஆக்சைடு படிந்த மணலைக் காற்று மேடு மேடாகக் குவித்திருக்கிறது. இவைதான் தேரிகள். நடுநடுவே பனையும் முந்திரியும். இத்தேரிகளில் கிடைத்த கற்கால நுண்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதினார்கள்.

காப்புக்காட்டுக்குள் தங்க முடியாது. ஊரோரப் பனந்தோப்பில், உரிமையாளரிடம் கேட்டுக் கூடாரம் அடித்தோம். இரவெல்லாம் துணியில் மணல் உரசும் ஓசை. விடிந்தபோது முந்தைய நாள் காலடிகளைக் காணோம்.

மறுநாள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். மணல்காட்டருகே தெளிந்த சுனை! பெய்யும் மழையைத் தேரி குடித்து, அடியில் சேர்த்து வைக்கிறது. அதே மணலில் டைட்டானியக் கனிமமும் உண்டு. சாத்தான்குளம் பகுதியில் டாடா தொடங்கவிருந்த டைட்டானியத் திட்டம், 2007இல் எழுந்த எதிர்ப்பால் நின்றுபோனது.

தொல்காப்பியம் பாலைக்கென்று தனி நிலம் சொல்லவில்லை. வளமிழந்த நிலமே பாலை என்பது பழந்தமிழர் கணக்கு. சுனை நீரில் முகம் கழுவியபோது புரிந்தது: தேரி பாலை அல்ல, மணலை அள்ளினால்தான் பாலையாகும்.