ஓ.கே. குடுங்க, ஒண்ணும் ஆகாது!

எங்கள் தெருவில் எனக்கு ‘டாக்டர்’ என்று ஒரு பட்டம் உண்டு. எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை. நான் படித்தது பி.காம். பற்று எது, வரவு எது என்று கேட்டால் சொல்வேன். ஜுரத்துக்கு மாத்திரை கேட்டால் முழிப்பேன். ஆனால் என்னிடம் வருகிற நோயாளிகள் எல்லாம் செல்போன்கள் என்பதால், இதுவரை யாரும் என் மேல் கேஸ் போடவில்லை.

முசிறியில் காலை 7 மணிக்கே எங்கள் வீட்டுத் திண்ணையில் கிளினிக் திறந்துவிடும். பால்காரரிலிருந்து கோரைப் பாய் வியாபாரி வரை போனும் கையுமாக நிற்பார்கள். சிலர் அதை மஞ்சப் பையில் சுற்றி, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மூலப் பத்திரம் கொண்டுபோகிற பயபக்தியோடு எடுத்து வருவார்கள்.

“தம்பி, போனு ரொம்பிப் போச்சுங்குது. என்னன்னு பாரேன்.”

திறந்து பார்த்தால் உள்ளே 4,000 ரோஜாப்பூ. ஒவ்வொன்றின் மேலும் ‘இனிய காலை வணக்கம்’. நடு நடுவே முருகன், பிள்ளையார், ஒரு பச்சைக் குழந்தை. இத்தனையும் வைத்துக்கொண்டு மூச்சு முட்டாமல் இருக்க போன் என்ன அரசுக் கிடங்கா? அழித்துத் தந்தால், “முருகனை மட்டும் விட்டுட்டியே, நல்ல பிள்ளை” என்று ஆசீர்வாதம் கிடைக்கும். அதுதான் ஃபீஸ்.

எந்தப் போன் வாங்கலாம் என்றும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். ‘கேமரா எத்தனை மெகா பிக்ஸல்னு கேக்காதீங்க, பேட்டரி எத்தனை மில்லி ஆம்பியர்னு கேளுங்க’ என்பது என் பொன்மொழிகளில் ஒன்று. காலை வணக்கம் அனுப்ப 60,000 ரூபாய் போன் எதற்கு என்பது இன்னொன்று. மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பிரபலமானது. ஏதாவது ஒரு கட்டம் திரையில் முளைத்து, “இதை என்னப்பா பண்றது?” என்று யாராவது நீட்டினால், பார்க்காமலேயே சொல்லிவிடுவேன்:

“ஓ.கே. குடுங்க, ஒண்ணும் ஆகாது!”

இந்த ஒரு மருந்தை வைத்துத்தான் பல வருடம் வைத்தியம் பார்த்தேன்.

என் நிரந்தர நோயாளி, பெரியப்பா. காவிரிக்கரையில் ஒன்றரை ஏக்கர் வாழை. அவரை லேசாக எடை போட்டுவிடாதீர்கள். மும்முனை கரண்ட் நடுராத்திரியில்தான் வரும் என்றிருந்த காலத்தில், டார்ச்சு அடித்துக்கொண்டு, பாம்புக்கு வழிவிட்டு, வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டவர். இன்றைக்கு மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரோடு ஒரு சிம் கார்டு பெட்டி இருக்கிறது. கட்டிலில் படுத்தபடி அந்த நம்பருக்கு போன் போட்டால் மோட்டார் ஓடும். கரண்ட் இல்லையென்றால் இல்லை என்று தகவலும் வந்துவிடும். லட்ச ரூபாய் போன்களைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் மனதில் கை வைத்துச் சொன்னால், எங்கள் ஊருக்கு வந்த கருவிகளில் முதல் மார்க் அந்தப் பெட்டிக்குத்தான். என் உதவியே இல்லாமல் அதை மாட்டியவர் பெரியப்பா.

அவரிடம் பட்டன் போன்தான் இருந்தது. கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகளின் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று, நான்தான் நச்சரித்துத் தொடு திரை போன் வாங்க வைத்தேன். முதல் வீடியோ கால் வந்தது. பெரியப்பா வழக்கம்போல போனைக் காதில் வைத்துக்கொண்டார். மூன்று நிமிஷம் பேரன் பார்த்தது தாத்தாவின் காதை!

இந்தக் கதையை ஒரு கல்யாணத்தில் நடித்தே காட்டினேன். பந்தியே சிரித்தது. பெரியப்பாவும்தான் சிரித்தார். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். 1973-இல் அமெரிக்காவில் மார்ட்டின் கூப்பர் கையில் பிடித்துப் பேசிய முதல் செல்போன் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அம்மிக் குழவியைக் காதில் வைத்த மாதிரி இருந்திருக்கும். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு பேச, டில்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார். அப்போது கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. 2003-இல்தான் நமக்கு வருகிற கால்கள் இலவசமாயின.

அதற்கு முன்னால் கைகாட்டிப் பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் அப்பா பேசும்போது, நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘எல்லாரும் சவுக்கியம். ஞாயித்துக்கிழமை வர்றோம். வெச்சுர்றேன்.’ முடிந்தது. கையில் போன் வந்த பிறகும் சிக்கனம் போகவில்லை. மிஸ்டு கால் ஒன்று கொடுத்தால் ‘பஸ் ஏறிட்டேன்’. இரண்டு கொடுத்தால் ‘பாலம் தாண்டியாச்சு, சாதம் வடி’. குளித்தலையில் ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்களுக்கு இதுவே தந்தி. ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு என்பதால், யோசித்து யோசித்து அமுக்கினோம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா தண்ணீராய் ஓடியது. அதே வருடம் யு.பி.ஐ.யும் வந்தது, டீக்கடையில் 12 ரூபாயைக் கூட ஒரு பெண் குரல் பெட்டிக்குள்ளிருந்து அறிவிக்க ஆரம்பித்தாள். அமுக்குவதற்குக் காசில்லை என்றதும் யோசிக்கிற பழக்கமும் போய்விட்டது. போதாததற்கு, ஊருக்கு ஒரு டாக்டர் வேறு திண்ணையில் உட்கார்ந்து, ‘ஓ.கே. குடுங்க, ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள், பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் அப்பாவிடம் தாழ்ந்த குரலில், “ஒரு மூவாயிரம் கைமாத்தா குடு. உரம் எடுக்கணும்” என்றார்.

அப்பா அதிர்ந்துபோனார். பெரியப்பா கொடுத்துப் பழகியவர். கேட்டுப் பழக்கமில்லை. அதுவும் வாழைத்தார் வெட்டிக் காசு கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

“என்னண்ணே ஆச்சு?”

பெரியப்பா பதில் சொல்லாமல் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஏதோ செத்த பிராணியை வைக்கிற மாதிரி.

நடந்தது இதுதான். விவசாயிகளுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000 வீதம் தருகிற பி.எம். கிசான் திட்டம் 2019-இல் ஆரம்பித்தது. அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வாட்ஸப்பில் ஒரு தகவல் வந்திருக்கிறது. ‘தவணை வரவில்லையா? இந்த ஆப்பைப் போடுங்கள்.’ அனுப்பியது முன்பின் தெரியாதவன் இல்லை. தினமும் சாயங்காலம் கூட உட்கார்ந்து பேசுகிற சிநேகிதர். அவர் போனில் அந்தப் பூதம் ஏற்கெனவே புகுந்து, அவர் பெயரில் ஊர் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது!

ஏ.பி.கே. என்பார்கள். ப்ளே ஸ்டோர் என்கிற முன்வாசல் வழியாக வராமல், கொல்லைப்புறமாக உள்ளே வருகிற மூட்டை. பெரியப்பா தொட்டார். போன் நல்ல பிள்ளையாகத் தடுத்துத்தான் இருக்கிறது. ‘இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, ஆபத்து’ என்றது. இங்கிலீஷில். அடுத்து, ‘உங்களுக்கு வரும் மெசேஜ்களை எல்லாம் இது படிக்கலாமா?’ என்றது. அதுவும் இங்கிலீஷில். இப்படி நான்கு கட்டம். நான்குக்கும் பெரியப்பா ஓ.கே. கொடுத்தார்.

பிறகு அந்த ஆப் ஆதார் நம்பர் கேட்டது, பேங்க் கார்டு நம்பர் கேட்டது. அரசாங்கம் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே? கொடுத்தார். பேங்கிலிருந்து ஓ.டி.பி. வந்தது. அவர் யாருக்கும் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மெசேஜைப் படிக்கத்தான் அனுமதி கொடுத்தாயிற்றே, எங்கேயோ உட்கார்ந்திருந்தவன் நேராகப் படித்துக்கொண்டான். 20,000. இன்னொரு 20,000. கடைசியாக 6,500. அரை மணி நேரத்தில் ஒரு வருட வாழை போய்விட்டது.

“இது எப்ப நடந்துச்சு பெரியப்பா?”

“முந்தாநாள் காலைல.”

எனக்கு வந்ததே கோபம்! “ரெண்டு நாளா? அப்பவே எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே! பத்து வீடு தள்ளித்தானே இருக்கேன்? 1930-க்கு உடனே போன் போட்டிருந்தா பணத்தை நடுவழியில புடிச்சிருக்கலாமே!”

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சொன்னா நீ சிரிப்பியேன்னுதான்பா.”

எனக்குக் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. போனைக் காதில் வைத்துக்காட்டி நான் வாங்கிய கைதட்டல் ஞாபகம் வந்தது. அப்போது பெரியப்பா சிரித்தாரா, இல்லை, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாரா? இப்போது யோசித்து என்ன?

அவரே தொடர்ந்தார். “நீதான் சொல்லுவியே, ஓ.கே. குடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு. அதான் குடுத்தேன்.” இதில் குத்தலே இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்ட நோயாளியின் குரல் அது.

1930-க்கு அப்போதே போன் செய்தோம். தேசிய சைபர் குற்ற உதவி எண். அவர்கள் செய்வது இதுதான்: களவாடின பணம் ஒரே கணக்கில் நிற்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து நாலுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும். புகாரும் அதைத் துரத்திக்கொண்டே போகும். எடுக்கப்படாமல் எங்கே நிற்கிறதோ அங்கே முடக்குவார்கள். ஆகவே முதல் மணி நேரம்தான் உயிர். நாங்கள் இரண்டு நாள் கொடுத்திருந்தோம். முடங்கிக் கிடைத்தது 8,200 ரூபாய். மீதி 38,300. அது கைக்கு வருவதற்கும் நடையாய் நடந்தோம். பி.காம். படித்ததற்கு, அந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியும். பற்றுப் பக்கம் என் பெயர்தான்.

ஏனென்றால் அந்த இங்கிலீஷ் கட்டங்கள். போன் வாங்கிய அன்றைக்கே அதைத் தமிழுக்கு மாற்றியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ‘செட்டிங்ஸ்’ என்பதை ‘அமைப்புகள்’ என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், ரிப்பேர் பார்க்கவும் கஷ்டம் என்று, என் வசதிக்காக இங்கிலீஷிலேயே விட்டுவிட்டேன். தமிழை எழுத்துக் கூட்டி தினசரியைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனுஷனிடம், படிக்க முடியாத போனைக் கொடுத்துவிட்டு, படிக்காமல் அமுக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

போனைச் சுத்தமாகத் துடைத்து, முதலிலிருந்து அமைத்தேன். இந்தத் தடவை தமிழில். ஒரு அனுமதிக் கட்டத்தை வேண்டுமென்றே வரவழைத்து அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்ப்பா, இவ்வளவு தெளிவா கேக்குதே! இப்படிக் கேட்டிருந்தா எந்தக் கூமுட்டையாவது சரின்னு சொல்வானா?”

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளினிக் கிடையாது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வகுப்பு. பாடம் ரொம்பச் சின்னது. பணம் நமக்கு வருவதற்கு ரகசிய நம்பர் போட வேண்டியதில்லை; போடச் சொன்னால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஆப் எதுவானாலும் முன்வாசல் வழியாக மட்டும். ‘வீடியோவுல போலீஸ் வந்து கைது பண்ணுதாமே?’ என்று பெரியம்மா கேட்டதற்கு, டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது என்றேன். அனுப்பியது அந்தச் சிநேகிதராகவே இருந்தாலும் ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுக்கொள்வது என்று பெரியப்பாவே ஒரு விதி சேர்த்தார். அந்தச் சிநேகிதரும் இப்போது வகுப்பில் உட்காருகிறார்.

நான் சேர்த்த விதி ஒன்றே ஒன்று. “சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க பெரியப்பா. ராத்திரி பன்னெண்டானாலும் சரி. சிரிக்க மாட்டேன்.”

பலன், ஒரு நாளைக்குப் பதினோரு போன். போன வாரம் காலை 5 மணிக்கு அலறியடித்துக்கொண்டு எடுத்தேன்.

“தம்பி, போனு அப்டேட் பண்ணவான்னு கேக்குது. தமிழ்லதான் கேக்குது. ஓ.கே. குடுத்தா ஒண்ணும் ஆகாதுல்ல?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

“இருங்க பெரியப்பா, நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்றேன்” என்று செருப்பை மாட்டினேன்.