வந்தியத்தேவன் குதிரையில் வாசகனும்...

ஐந்து பாகங்கள், ஏறக்குறைய 300 அத்தியாயங்கள். 'பொன்னியின் செல்வன்' நாவலை முதன்முதலில் கையில் எடுக்கும் எவருக்கும் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் பாகத்தைத் தொட்டவர்களில் பலர் ஐந்தாம் பாகம் வரை போய்த்தான் நிற்கிறார்கள். கல்கி அப்படி என்னதான் செய்தார்?

"சஸ்பென்ஸ்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அல்லவா, ஏதாவது ஒரு முடிச்சில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஆனால் முடிச்சுப் போட்ட தொடர்கதைகள் தமிழில் எத்தனையோ வந்தன. அவற்றில் பல இன்று யாருக்கும் நினைவில்லை.

கல்கியின் சாமர்த்தியம், கதையை யார் கண்ணால் காட்டுகிறார் என்பதில் இருக்கிறது. நாவலின் பெயர் அருள்மொழிவர்மனுடையது. ஆனால் அவர் கதைக்குள் வந்து நிற்பது இரண்டாம் பாகத்தில்தான்! முதல் அத்தியாயத்தில் வருபவன் வந்தியத்தேவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையின் கணவர் என்ற அளவில் பெயர் சொல்லும் ஒருவர். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் அவனுக்குச் சோழ நாடு புதிது. வாசகனுக்கும் அப்படியே. அரச குடும்பத்து உறவுமுறைகளைப் பாடமாக ஒப்பிக்காமல், அவன் கேட்கக் கேட்க வாசகனுக்கும் தெரியும்படி செய்கிறார் கல்கி.

கடம்பூர் மாளிகைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மூடுபல்லக்கில் இருப்பது பழுவூர் இளையராணி என்று வந்தியத்தேவன் நினைத்திருக்கிறான், வாசகனும்தான். நள்ளிரவுக் கூட்டத்தில் அதிலிருந்து வெளிப்படுபவர் மதுராந்தகர்! ஒளிந்திருந்து பார்க்கும் அவனோடு சேர்ந்து வாசகனும் ஏமாறுகிறான், அதிர்கிறான்.

இதோடு அந்தப் பேச்சு நடை. நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து சொல்பவரைப் போல "வாசகர்களே" என்று கூப்பிட்டுப் பேசுவார். சீரியஸான விமர்சகர்கள் சிலர் இதை மலிவான உத்தி என்பார்கள். ஆனால் வரலாறு படிக்காதவர்களையும் பத்தாம் நூற்றாண்டுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது இந்தக் குரல்தான். கதை முடிந்தபோது, இன்னும் தொடர்ந்திருக்கலாமே என்று வாசகர்கள் குறைப்பட, அவர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுதவேண்டி வந்தது.

இந்த நடையின் பலத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலை சரித்திரம். அதில் தொடர்புடையவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளன. நந்தினியின் பெயர் அதில் கிடையாது. அவள் கல்கியின் கற்பனை. ஆனாலும் அவள் நிஜமாகவே வாழ்ந்தவள் என்று அடித்துப் பேசுபவர்கள் இன்றும் உண்டு.

எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. ஆனால் படித்து முடித்த பிறகாவது வாசகன் அந்தக் குதிரையிலிருந்து இறங்கி, கல்வெட்டு என்ன சொல்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.