கட்சி மடலும் குப்பை மடல்தானா?

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் ஒரு லட்சம் பேருக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினால், அத்தனை தபால் செலவும் அவருடையதுதான். அதையே மின்னஞ்சலில் அனுப்பினால்? அவருக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. சர்வர் இடமும் அழிக்கிற வேலையும் பெறுகிறவர் தலையிலும், அவருக்குச் சேவை தரும் நிறுவனத்தின் தலையிலும் விழுகின்றன.

அமெரிக்காவில் இது பழைய தகராறு. 2002-ல் கலிபோர்னியா ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற பில் ஜோன்ஸின் தரப்பு, கேட்காதவர்களுக்கெல்லாம் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பியது. கலிபோர்னியாவில் ஓட்டே இல்லாத வெளியூர்க்காரர்களுக்கும் அது போய்ச் சேர, கண்டனம் கிளம்பியது.

சட்டம் இதைத் தடுக்காதா? 2004 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த கேன்-ஸ்பேம் சட்டம் வணிக மடல்களுக்கு மட்டும்தான். வர்ஜீனியா மாநிலம் எல்லா வகை மடலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சட்டம் வைத்திருந்தது. பெயரை மறைத்து அரசியல் கருத்து சொல்பவரையும் அது தண்டிக்கும் என்று சொல்லி, 2008-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

ஆனால் இணையச் சேவை நிறுவனங்கள் கையில் வேறொரு ஆயுதம் உண்டு: ஒப்பந்தம். இணைப்பு வாங்கும்போது யாரும் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டும் அந்த நீண்ட விதிகளில், கேட்காதவர்களுக்கு மொத்த மடல் அனுப்பக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். பேச்சுரிமை என்று வாதாடவும் முடியாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் நிறுவனத்தின் கையை அல்ல. ஏஓஎல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1996-லேயே நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

நடைமுறை எளிது. புகார் வரும். மடலின் தலைப்புத் தகவலில் உள்ள ஐபி எண்ணை வைத்து அனுப்பிய வாடிக்கையாளரைக் கண்டுபிடிப்பார்கள். முதலில் எச்சரிக்கை, மீண்டும் செய்தால் இணைப்பு துண்டிப்பு. இதில் நிறுவனத்துக்கும் சுயநலம் இருக்கிறது. சும்மா இருந்தால் அதன் ஐபி எண்கள் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியலில் ஏறிவிடும். அப்புறம் ஒரு தப்பும் செய்யாத மற்ற வாடிக்கையாளர்களின் மடல்களும் திரும்பி வரும். ஒருவருடைய சந்தாவுக்காக நூறு பேரை யார் இழப்பார்கள்?

சரி, ஒரு தனியார் நிறுவனம் ஒரு கட்சியின் வாயை அடைப்பது ஆபத்தில்லையா? ஆபத்துதான். 2022-ல் ஜிமெயில் தங்கள் மடல்களை வேண்டுமென்றே குப்பையில் தள்ளுகிறது என்று குடியரசுக் கட்சியின் தேசியக் குழு கூகுள் மீது வழக்கே போட்டது. 2023-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் போகாது.

அதனால்தான் 'என்ன எழுதியிருக்கிறது' என்று பார்க்காமல், 'பெறுகிறவர் கேட்டாரா' என்று மட்டும் பார்ப்பது நல்லது. வயாகரா விளம்பரமோ, வாக்குறுதியோ, எதிர்க்கட்சியின் மடலோ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியை விட்டு மடலின் உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பிக்கிற நாளில், அந்த நிறுவனம் தபால்காரராக இல்லாமல் தணிக்கை அதிகாரியாகிவிடும்.