புத்தூரில் நின்ற கார்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி எல்லாம் கடந்தால் புத்தூர் வரும். சந்தியில் இறங்கிச் சுன்னாகம் போகும் வீதியால் திரும்பினால் இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், புகையிலை, வாழை. சிறிது தூரம் போனதும் நிலாவரைக் கிணறு. இராமர் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த இடமென்று ஊரிலே கதை உண்டு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. குடாநாட்டுக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் உயிர் அந்த மிதக்கிற நீர்தான்.

மாசி மாதத்தில் இரண்டு நாள் பயிற்சிக்காக நான் அங்கே போயிருந்தேன். கணவரை இழந்த, அல்லது கணவர் எங்கே என்று தெரியாத பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மாதர் சங்கம். போனது எங்கள் நிறுவனத்தின் மின்சாரக் காரில். 2015 ஆம் ஆண்டளவில் நிசான் லீஃப் போன்ற மின்சாரக் கார்கள் இலங்கைக்கு நிறைய வந்தன. பின்பு 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல்தான் மீண்டும் திறந்தார்கள். அதனால் அந்தப் பழைய கார்களையே பலரும் வைத்து ஓட்டுகிறார்கள். எங்களுடையதும் அந்த வயதுதான்.

மூன்றாம் நாள் விடியற்காலை சங்கத்து அம்மா ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். எழுபது வயது. அந்தத் திகதிக்காக மூன்று மாதம் காத்திருந்தவர். ஐந்தரை மணிக்கே வெள்ளைச் சேலை உடுத்து, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பிடித்தபடி படலையடியில் நின்றார்.

பொத்தானை அமத்தினேன். ஒன்றும் இல்லை. வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. முதல்நாள் இரவு பெரிய பற்றரியில் அரைவாசிக்கு மேல் மின்சாரம் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, பிள்ளைகள் ஏறி விளையாடிய பின்கதவு ஒன்று முழுதாகச் சாத்துப்படவில்லை. நான்தான் பார்த்துப் பூட்டியிருக்க வேண்டும். இரவு முழுக்க உள்வெளிச்சம் எரிந்திருக்கிறது.

அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்தார், படலையைத் திறந்தார், வீதியில் இறங்கி நடக்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"விடு பிள்ளை. வாகனம் நிண்டா நான் நடப்பன். நடந்த கால்தானே."

1995 ஒக்ரோபரில் இராணுவம் புத்தூர்ப் பக்கத்தால் முன்னேறியபோது இவர் மூன்று பிள்ளைகளோடு தென்மராட்சிக்கு நடந்தவர். ஏற்றிப் போவதாகச் சொன்ன வாகனம் வழியில் நின்றுபோனது. நின்ற வாகனத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தவர்களுக்கு என்ன நடந்ததென்று அவர் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை. போரால் வந்த மனக்காயம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்து எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஒரு கார் ஸ்ராட் வராதது அவருக்கு என்னவாக இருக்கும் என்று அன்றைக்குக் காலை வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு முன்வீட்டு அக்கா வந்தார். தையல் கடை வைத்திருப்பவர். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளையும் ஒரு சின்னப் பற்றரி இருக்குமே?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். மின்சாரக் காருக்கு இரண்டு பற்றரி. அடியில் கிடக்கும் பெரியது சில்லைச் சுழற்றுவது. ஏறக்குறைய 360 வோல்ற் இருக்கும். மற்றது எல்லாக் காரிலும் உள்ள சாதாரண 12 வோல்ற் பற்றரி. கதவுப் பூட்டு, வெளிச்சம், உள்ளே உள்ள கணினி எல்லாம் இதில்தான் வேலை செய்யும். பெரிய பற்றரியின் இணைப்பைத் திறந்துவிடுவதும் இந்தச் சின்னதுதான். சின்னது செத்தால், பெரியதில் எவ்வளவு இருந்தாலும் கார் அசையாது. நல்ல காலம், வேறொரு 12 வோல்ற் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து அதை எழுப்பலாம்.

அக்காவிடம் அப்படி ஒன்று இருந்தது. 2022 பங்குனி முடிவில் நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது கடை விளக்குக்கென்று வாங்கியது. இருவருமாகத் தூக்கி வந்தோம். அதற்குள் வீதியால் வந்த லொறிக்காரத் தம்பி ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தி, தன் லொறியிலிருந்து வயர் தருகிறேன் என்றார். அக்கா லொறியின் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். "ரெண்டு பற்றரி தொடுத்துக் கிடக்கு தம்பி. இருபத்துநாலு. இதின்ரை மூளை எரிஞ்சுபோம்." தம்பிக்குச் சிறிது கோபம். ஆனால் அக்கா சொன்னது சரி. பெரும்பாலான லொறிகள் 24 வோல்ற்றில் ஓடுபவை.

இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வரக்கூடாத பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டோம். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. அந்தக் காலத்தில் அண்ணனுடைய கராஜில் பற்றரிக்கு வடிதண்ணீர் விட்டு வளர்ந்தவர் அக்கா. இடது கையில் அசிற் பட்ட வெள்ளைத் தழும்பு இன்றும் உண்டு. அண்ணன் இல்லை.

வயர் காரின் பின்பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டிக்கும் மின்பூட்டு, திறக்காது! திறந்து கிடந்த பின்கதவால் அக்காவின் பேரன் உள்ளே போய், பின்சீற்றை மடித்துத் தவழ்ந்து எடுத்துத் தந்தான். கதவுகள் எல்லாம் பூட்டியிருந்தாலும் யோசிக்க வேண்டாம். ரிமோட் சாவிக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், இழுத்தால் வரும். ஆனால் வயரைப் பின்பெட்டியில் வைக்காதீர்கள், சீற்றுக்கு அடியில் வையுங்கள்.

இனி அக்கா செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் ஒழுங்கு மாறினால் ஆபத்து. முதலில் என் வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பற்றரியின் இரண்டு முனையையும் ஒரு வளையல் தொட்டால் அது பழுக்கக் காய்ந்து கையோடு ஒட்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினோம். அடுப்பு மூட்டவென்று நெருப்புப்பெட்டியோடு நின்ற பிள்ளையைத் தூரப் போகச் சொன்னார். பற்றரியிலிருந்து வருவது ஐதரசன் வாயு, சின்னப் பொறி போதும். காரின் முன்மூடியைத் திறந்து, பற்றரி வெடித்தோ ஊதியோ ஒழுகியோ இருக்கிறதா என்று பார்த்தார். அப்படி இருந்தால் தொடவே கூடாது, கராஜுக்குத்தான் சொல்ல வேண்டும்.

சிவப்பு வயரின் ஒரு நுனி காரின் செத்த பற்றரியின் சக முனையில். மற்ற நுனி நல்ல பற்றரியின் சக முனையில். பிறகு கறுப்பு வயர், நல்ல பற்றரியின் சய முனையில். அதன் மற்ற நுனிதான் கடைசி. அதைச் செத்த பற்றரியில் கொழுவாமல், சற்றுத் தள்ளி, பெயின்ற் அடிக்காத ஒரு இரும்பு நட்டில் கொழுவினார். கடைசியாகத் தொடும் இடத்தில்தான் பொறி பறக்கும், வாயு வருகிற இடத்தில் அது பறக்கக் கூடாது. செம்மஞ்சள் நிற வயர்களைக் காட்டி, "இதிலை ஒருத்தரும் கை வைக்காதேங்கோ" என்றேன். அந்த ஒன்று மட்டும் நான் சொல்லிக் கொடுத்தது. அவற்றில்தான் பெரிய பற்றரியின் மின்சாரம் போகிறது.

ஐந்து நிமிடம் பார்த்திருந்தோம். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமத்தினேன். வெளிச்சம் வந்தது. எஞ்சின் இல்லாத கார் என்பதால் உறுமாது, ஆயத்தம் என்ற பச்சை விளக்கு எரிந்தால் சரி. இப்படி எழுப்புவதற்குக் கொஞ்ச மின்சாரம் போதும், வீட்டு விளக்குப் பற்றரியே காணும். பிறகு கார் தன் பெரிய பற்றரியிலிருந்து சின்னதைத் தானே நிரப்பிக்கொள்ளும். கழற்றும்போது பின்னாலிருந்து முன்னால்: நட்டிலிருந்த கறுப்பு முதலில், காரின் சக முனையிலிருந்த சிவப்பு கடைசியில்.

சில காரியங்கள் செய்யக் கூடாதவை. மின்சாரக் காரிலிருந்து வயர் எடுத்துப் பெற்றோல் வானை ஸ்ராட் பண்ண முயல வேண்டாம். அந்த இழுவையை அது தாங்காது. தள்ளியும் ஸ்ராட் வராது. கயிறு கட்டி இழுத்தால் சில்லோடு சேர்ந்து மோட்டரும் சுற்றி உள்ளே கேடு வரும். பெரிய பற்றரியே வெறுமையானால் இந்த வயரால் ஒரு பிரயோசனமும் இல்லை. பூமிக்கம்பி ஒழுங்காக உள்ள பிளக்கில் பல மணித்தியாலம் போட்டு வைக்க வேண்டியதுதான். ரொயோட்டா பிரியஸ் போன்ற இரட்டை வகைக் கார்கள் பலவற்றில் சின்னப் பற்றரி பின்னால் இருக்கும். முன்மூடிக்குள் சிவப்பு மூடி போட்ட முனை ஒன்றில் சிவப்பு வயரைக் கொழுவலாம்.

"இது ஸ்ராட்டோ?" என்று அம்மா கேட்டார். சத்தம் வராததை அவர் நம்பவில்லை. நீர்வேலி தாண்டும் வரையும் கதவுப் பிடியை விடவும் இல்லை. நம்பர் கொடுத்து முடியும் தறுவாயில் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த கிழமை அந்தப் பற்றரியை மாற்றினேன். பழையதைத் தோட்டக் கரையில் போட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னபோது அக்கா விடவில்லை. ஈயமும் அசிற்றும் செம்மண்ணுக்குள்ளால் சுண்ணக்கல்லில் இறங்கினால் யாருடைய கிணற்றில் வரும் என்று சொல்ல முடியாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை 2014, 2015 இல் எல்லோரும் பார்த்தோம். பழையதைக் கடையிலேயே கொடுத்துக் காசு கழித்துக்கொண்டோம்.

சங்கத்துக்கென்று இப்போது ஒரு சோடி வயர் வாங்கி வைத்திருக்கிறோம். போன சனிக்கிழமை ஒன்பது பேர் கழற்றிப் பழகினார்கள். வளையல் போட ஒரு பீங்கான் கோப்பை வைத்திருந்தோம். கண்ணில் கட்டுப் போட்டபடி அம்மாவும் வந்து கதிரையில் இருந்தார். எட்டாவதாக வந்த பிள்ளை சிவப்பை மாறிப் பிடித்தபோது, "மற்றப் பக்கம்" என்று சொன்னது அவர்தான்.