ரோமாபுரியும் ஒரு குழாயும்

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிரியமான ஏதாவது ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நம் பெரியோர் ஏற்படுத்திய வழக்கம். ரோமாபுரிக்குப் போன நான் என் மகனையே விட்டுவிட்டு வரப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பள்ளிக்கூட விடுமுறையை உத்தேசித்து, நானும் என் மனைவியும் 8 வயதுப் பெண்ணையும் 4 வயதுப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டோம். "சின்னவன் இன்னும் கொஞ்சம் வளரட்டுமே!" என்றாள் என் தாயார். நான் கேட்கவில்லை. இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரத்தை ஐந்து நாளில் பார்த்து முடிப்பதற்கு ஓர் அட்டவணை தயாரித்து வைத்திருந்தேன். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரையில், மணிக்கு ஒரு மண்டபம் வீதம் அதில் இருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி கொடுத்திருந்தேன். தாகம், தூக்கம், செருப்புக் கடி, காரணமில்லாத அழுகை ஆகியவற்றுக்கு நேரம் ஒதுக்க மட்டும் மறந்துபோனேன்.

ரோமாபுரியின் பழைய வீதிகளில் சிறு சிறு சதுரக் கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். கண்ணுக்கு மிக அழகு. ஆனால் குழந்தையின் தள்ளுவண்டிக்கு அவை யமன். முதல் நாள் மாலைக்குள் ஒரு சக்கரம் கழன்று ஓடிவிட்டது. அதன் பிறகு, பிள்ளையைச் சுமக்க வேண்டிய வண்டியையும் பிள்ளையையும் சேர்த்து நான் சுமந்தேன்.

இரண்டாம் நாள் வாடிகன். ஸிஸ்டைன் ஆலயத்தில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரையில் தீட்டிய விதானச் சித்திரங்களைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அங்கே பேசக்கூடாது, காவலர்கள் அடிக்கடி "ஸிலென்ஸியோ!" என்று எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அவர்கள் எச்சரித்து, மண்டபம் முழுவதும் அடங்கிய அந்தக் கணத்தில், என் புத்திரன் கணீரென்ற குரலில், "அப்பா, அந்த மாமாக்கள் எல்லாம் ஏன் சட்டை போடவில்லை?" என்று கேட்டான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் அவனல்ல. அதே ஆலயத்தின் சுவரில் மைக்கேலாஞ்சலோ எழுதிய இறுதித் தீர்ப்புச் சித்திரத்தைப் பற்றிப் பாதிரிமார்களுக்கும் அதே சங்கடம் இருந்தது. 1564இல் அவர் காலமானதும், வேறொரு சித்திரக்காரரைக் கொண்டு அந்த உருவங்களுக்குத் துணி உடுத்திவிட்டார்கள். அந்தச் சித்திரக்காரருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்ற பட்டப் பெயர் நிலைத்துவிட்டது!

அன்று பிற்பகல் புனித பேதுரு ஆலயத்தின் கோபுர உச்சிக்கு ஏறினோம். மொத்தம் 551 படிகள். பாதி தூரம் லிப்டில் போகலாம் என்பதால் எங்களுக்கு 320 மிஞ்சின. மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகிக்கொண்டே போகிறது. சுவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறது. இறங்குவதற்கு வேறு வழி. நடுவில் திரும்ப முடியாது. அந்த இடமாகப் பார்த்துச் சின்னவன் என் காதருகே வந்து, "அப்பா, ஒன்றுக்கு வருகிறது" என்று ரகசியம் சொன்னான். உச்சியிலிருந்து ரோமாபுரி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. பாந்தியன் என்னும் புராதனக் கோயிலுக்கு நடந்து போகும் வழியில், ஒரு சந்து முனையில் இரும்புக் குழாய் ஒன்று நின்றது. இத்தகைய குழாய்கள் ரோமாபுரியில் சுமார் 2,500 இருக்கின்றன. 1874 முதல் வைத்துவருகிறார்கள். வளைந்த மூக்கிலிருந்து குளிர்ந்த நல்ல தண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருக்கும். 'பெருமூக்கு' என்றே ஊரார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சின்னவன் அதைக் கட்டிக்கொண்டு நகர மறுத்தான். "திரும்பும்போது பார்க்கலாம்" என்று சொல்லி இழுத்துப் போனேன்.

பாந்தியன் கி.பி. 125 வாக்கில், ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில் எழுந்தது. பிற்காலத்தில் மாதா கோயிலாயிற்று. அதன் கவிழ்ந்த கூரைக்கு 43 மீட்டர் குறுக்களவு. தரையிலிருந்து உச்சிக்கும் அதே உயரம். கம்பி வைக்காத கான்கிரீட் கூரைகளில் உலகத்தில் இன்றும் இதுவே பெரியது. அதன் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு உண்டு. கதவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. அன்று தூறல். மழைத்துளிகள் அவ்வளவு உயரத்திலிருந்து வெள்ளிக் கம்பிகள் போல் உள்ளே இறங்கிவந்தன.

"ஓட்டையை ரிப்பேர் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டான் சின்னவன். தரையில் சிறு துவாரங்கள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியே வடிந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடித்தவன் அப்படியே குந்திவிட்டான். எந்தத் துளி எந்தத் துவாரத்துக்குள் போகிறது என்று பரிசோதிக்க ஆரம்பித்தான். எனக்கோ பன்னிரண்டரை மணிக்குக் கொலோசியத்தில் இருந்தாக வேண்டும். நுழைவுச் சீட்டில் மணி குறித்திருந்தது. "தாகமா இருக்கு" என்று அவன் சொன்னதும் என் காதில் ஏறவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, மண்டபத்துத் தூண்களின் கீழ், இத்தனை பேர் நடுவில், "இனிமேல் உன்னை எங்கேயும் அழைத்து வரமாட்டேன்!" என்று கத்தினேன். அவன் அழவில்லை. என் முகத்தையே பார்த்தான். நான் வழி பார்ப்பதற்காகக் கையை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

நிமிர்ந்தபோது பையனைக் காணோம்.

எதிரே சதுக்கம் முழுவதும் குடைகள். ஒரு குடைக்குக் கீழேயும் அவன் இல்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூவினேன். அந்நிய ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி கோயிலுக்குள் ஓடினாள். கடைசியாக அவனிடம் சொன்ன வார்த்தை இதுதானா என்ற நினைவு என் தொண்டையை அடைத்தது. அந்தச் சமயத்தில் என் பெண் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, திரும்பும்போது குழாய் காட்டுவதாக நீங்கள் சொன்னீர்களே?" என்றாள்.

இருவரும் ஓடினோம். சந்து முனையில், குழாயடியில் நின்றான் அவன். பக்கத்தில், கையில் காய்கறிப் பையோடு, நரைத்த மூதாட்டி ஒருத்தி. குழாயின் மூக்கு நுனியை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துவாரத்தின் வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து பீறிடும், குனியாமல் குடிக்கலாம். அந்த வித்தையை அவள் இத்தாலிய பாஷையில் கற்றுக்கொடுக்க, இவன் தமிழில் கற்றுக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

என்னைக் கண்டதும், "எங்கேயும் அழைத்து வரமாட்டேன்னு சொன்னீங்களே! அதான் நானே வந்தேன்" என்றான்.

நான் ஈரத் தரையில் மண்டியிட்டு அவனை அணைத்துக்கொண்டேன். மூதாட்டி என் தோளைத் தட்டி, "பியானோ, பியானோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். 'மெள்ள, மெள்ள' என்று அதற்கு அர்த்தமாம். பின்னாலேயே ஓடிவந்த என் மனைவி ஒன்றும் பேசாமல் குழாயடியில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். பன்னிரண்டரை மணி வந்தது, போயிற்று. நாங்கள் நால்வரும் முறை வைத்து மூக்கை அடைத்துத் தண்ணீர் குடித்தோம். கொலோசியத்தை மறுநாள் வெளியிலிருந்தே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் திருப்தியடைந்தோம்.

ஊர் திரும்பியதும் பாட்டி சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, "ரோமாபுரியில் என்னடா பார்த்தாய்?" என்று கேட்டாள்.

"குழாய்" என்றான்.

"இவ்வளவு பணத்தைக் கொட்டிக் குழாய் பார்க்கவா போனீர்கள்? நம் தெருவில் இல்லாத குழாயா?" என்று என்னைப் பார்த்தாள் தாயார். நான் எடுத்துவந்த எண்ணூறு புகைப்படங்களில் அந்தக் குழாய் மட்டும் இல்லை.

காசியில் கத்திரிக்காயை விடுவதுபோல் நானும் ரோமாபுரியில் என் கோபத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் இந்தப் பத்திரிகையை என் மனைவியும் வாசிக்கிறாள். ஆகையால், அட்டவணையை மட்டும் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.